சிவசங்கரி தேர்ந்த உலோகம்

பாலக்காட்டு எல்லையில் இருக்கும் கொழிஞ்சாம்பாறையில் பொள்ளாச்சி பஸ் ஏறினால், கடைவீதி முடிந்து தென்னந்தோப்புகள் தொடங்கும் இடத்தில் நீலத் தகரம் வேய்ந்த நீளமான கொட்டகை ஒன்று தெரியும். முன்பு கொப்பரை அடுக்கிவைத்த இடம். பிறகு பட்டறை ஆனது. அந்தப் பட்டறையில் சிவசங்கரி ஆறு வருஷம் வேலை பார்த்தாள்.

அங்கே என்ன நடக்கிறது என்பது ஊருக்குச் சரியாகப் புரிந்ததே இல்லை. "காருக்குச் சைலன்சர் செய்யறாங்களாமா" என்பார்கள். சைலன்சர் எந்த மெக்கானிக் கடையிலும் கிடைக்கிறதே, அதற்கு எதற்குக் கொச்சியிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் தரையை உரசுகிற மாதிரிக் கார்களை லாரியில் ஏற்றிக் கொண்டுவருகிறார்கள் என்று டீக்கடையில் பேசிக்கொள்வார்கள். வேகத்துக்கென்றே செய்த காரில் எஞ்சின் விடும் மூச்சு நெருப்பாக வெளியே வரும். அந்த மூச்சு தடங்கலில்லாமல் போக வேண்டும். குழாய் அந்தச் சூட்டைத் தாங்கி நிற்க வேண்டும். கனமாகவும் இருக்கக் கூடாது. எல்லாம் ஒரே உலோகத்தில் சேர்ந்து கிடைப்பது அரிது. எந்த இடத்துக்கு எது என்று முடிவு செய்வதுதான் சிவசங்கரியின் வேலை. வளைப்பதும் பற்றவைப்பதும் அதற்குப் பின்னால்.

அவள் மூணாறுக்குப் பக்கத்தில் பள்ளிவாசல் எஸ்டேட்காரி. அப்பா நல்லமுத்து தேயிலை ஃபாக்டரியில் இருந்தார், அம்மா சாந்தம்மாள் கொழுந்து பறித்தாள். தோட்டத் தொழிலாளர் லயத்துப் பிள்ளைகளில் பெண்கள் பெரும்பாலும் நர்ஸிங் போனார்கள். சிவசங்கரி மெக்கானிக்கல் டிப்ளமோ படித்துவிட்டுக் கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் சேர்ந்தாள். உலோகத்தைச் சோதித்துப் பார்க்கும் பிரிவு. வெல்டிங் ஆட்கள் "இந்தா வர்றேன், அந்தா வர்றேன்" என்று அவளை ஓயாமல் காக்கவைத்ததால், எரிச்சலில் ஆர்கான் வெல்டிங்கைத் தானே கற்றுக்கொண்டாள். கை அதற்கென்றே அமைந்ததுபோல் நிதானமாக நின்றது.

பூபதிராஜா அவளை முதலில் பார்த்தது அந்தக் கம்பெனியில்தான். கொழிஞ்சாம்பாறையில் பெரிய தோட்டக்காரர் ஆறுமுகசாமியின் மூத்த மகன். இன்ஜினியரிங் படித்தவன், தோப்பைப் பார்க்க மனமில்லாதவன். அவன் தம்பி நவீன்குமாருக்குக் கார்ப் பந்தயத்தில் பைத்தியம். தம்பியின் வண்டிக்காகத் தொடங்கிய பட்டறைதான் அது. கோவைக்கு ஒரு குழாய்த் துண்டைச் சோதிக்கக் கொண்டுவந்தவன், சிவசங்கரி அது ஏன் வெடித்தது என்று சொன்னவிதத்தைக் கேட்டுவிட்டு, "ஏனுங்க, எங்ககூட வந்துருங்களேன்" என்று அங்கேயே கூப்பிட்டான்.

அவள் கணவன் லோகேஷ் மூணாறில் ஜீப் ஓட்டுகிறான், டூரிஸ்டுகளை எஸ்டேட் ரோடுகளில் மேலே ஏற்றிக்கொண்டு போவான். மழைக்காலத்தில் ஜீப் நின்றுவிடும். அதனால் அவள் கொழிஞ்சாம்பாறையில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடி அறையில் தங்கி வேலைக்குப் போவதில் அவனுக்கு ஆட்சேபணை இருக்கவில்லை. லீவு கிடைக்கும்போதெல்லாம் உடுமலை, மறையூர் வழியாக மலையேறி வருவாள்.

பட்டறையில் அவளுக்கு மரியாதை இருந்தது. பூபதிராஜா அவளைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவான், ஆனால் 'ங்க' போடாமல் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஒரு கார் வந்தால் இருவரும் அதன் அடியில் படுத்துக்கொண்டு சண்டை போடுவார்கள். அவன் எஸ்.எஸ். என்ற சாதாரணத் துருப்பிடிக்காத எஃகு போதும் என்பான், அவளோ, எஞ்சினுக்குக் காற்றைத் திணிக்கும் டர்போ பக்கத்தில் அது வெடித்துவிடும், சூடு தாங்குகிற ரகம் வேண்டும் என்பாள். அநேகமாக அவள் சொன்னதுதான் நடக்கும். மதியச் சாப்பாடு தோட்டத்து வீட்டிலிருந்து தூக்குப்போசியில் வரும். பூபதியின் அம்மா முத்தாத்தாள் நன்றாகச் சமைப்பாள். அந்த வீட்டுக்குள் மட்டும் சிவசங்கரி ஒருநாளும் போனதில்லை. யாரும் வராதே என்று சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை. அவளும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வேலை பிடித்திருந்தது.

டைட்டானியம் அந்தப் பட்டறைக்குள் வந்தது ஐந்தாவது வருஷம். எஸ்.எஸ். கனத்தில் ஏறக்குறையப் பாதிதான் இருக்கும். ஆனால் பற்றவைக்க எளிதில் இடம் கொடுக்காது. சூடாக இருக்கும்போது காற்றுப் பட்டாலே கெட்டுப்போகும். குழாய்க்கு உள்ளேயும் வெளியேயும் ஆர்கான் வாயுவை ஓடவிட்டு, ஆறும்வரை மூடிவைத்துக் காக்க வேண்டும். சிவசங்கரி மாதக்கணக்கில் துண்டுத் தகடுகளை வீணாக்கினாள். ஒருநாள் பற்றவைத்த தையல் வெள்ளி நிறத்தில், மீன்செதில் அடுக்கியதுபோல் வந்தது. பூபதிராஜா அதைப் படம் எடுத்து இணையத்தில் போட்டான். யார் யாரோ, எந்தெந்த நாட்டுக்காரர்களோ, யார் செய்தது என்று கேட்டார்கள். அன்றைக்கு அவள் அறைக்குப் போகிற வழியில் தனக்கென்று ஒரு சேலை எடுத்தாள். அப்படி ஒரு காரணத்துக்காக அவள் எதையும் வாங்கியது அதுதான் முதல் தடவை.

அந்த வருஷம் நவீன்குமாரின் வண்டிக்குப் புதிதாகக் குழாய் போட வேண்டியிருந்தது. டர்போ வைத்த பழைய ஸ்போர்ட்ஸ் கார். எங்கே கனம் குறைக்கலாம் என்று ஒவ்வொரு திருகையும் யோசித்துக்கொண்டிருந்த நேரம். பின்பக்கம் முழுக்க டைட்டானியம் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. கேள்வி முதல் துண்டைப் பற்றித்தான். டர்போவிலிருந்து கீழே இறங்கும் அந்த வளைவு, டிரைவரின் கால்மிதிகளுக்கு முன்னாலுள்ள தகட்டை ஒட்டிப் போகும். வண்டியின் மொத்தக் குழாயிலும் கொதிப்பு அதிகமான இடங்களில் ஒன்று அது.

"ஏனுங்க, அந்த மொதத் துண்டுக்கு எப்பவும் எஸ்.எஸ். தானுங்களே போடுவோம்?" என்று பூபதி கேட்டான்.

"போடலாம் சார். ஆனா ரெண்டையும் ஒண்ணோட ஒண்ணு பத்தவைக்க முடியாது. நடுவுல விளிம்பு வச்சு, கிளாம்ப் போட்டு முடுக்கணும். எடை ஏறிரும்."

"செரி, வேறென்ன பண்றது?"

"முழுசும் டைட்டானியத்துலயே இழுத்துரலாம். ஒரே குழாயா வரும். இது ரோட்டு வண்டி இல்லையே, ஒரு சீசன் ஓடுனாப் போதும்."

"சூடு தாங்குமுங்களா?"

"தாங்கும்."

பொள்ளாச்சி ரோட்டில் வண்டியை ஓட்டவைத்து அவள் சூட்டை அளந்திருந்தாள். கணக்கு எல்லைக்குள்தான் இருந்தது. ரோட்டில் ஒரு நிமிஷம் விரட்டுவதும் பந்தயப் பாதையில் சுற்றுக்குப் பின் சுற்றாக எஞ்சினைக் கதறவிடுவதும் ஒன்றல்ல என்பது அவளுக்குத் தெரியும். டைட்டானியம் ஓர் அளவுக்கு மேல் சூடானால் காற்றிலிருக்கும் ஆக்ஸிஜனை உறிஞ்சிக்கொள்ளும், உறிஞ்சிய மேல்தோல் இறுகிக் கண்ணாடி மாதிரி ஆகிவிடும் என்பதும் தெரியும். ஆனால் டர்போவிலிருந்து வால்வரை நடுவில் ஒரு கவ்விகூட இல்லாத ஒரே ஓட்டமான அந்தக் குழாயை அவள் மனதில் ஏற்கெனவே செய்து முடித்திருந்தாள். அதைக் கண்ணால் பார்க்க வேண்டும்போல் இருந்தது.

"நீங்க சொன்னாச் செரிங்க" என்றான் பூபதி.

குழாய் அவள் நினைத்ததைவிட அழகாக வந்தது. நவீன்குமார் வண்டியை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, ஹெல்மெட்டைக் கழற்றும் முன்பே கத்தினான்: "அக்கா, பின்னால ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்குதுங்க!" அவன் அவளை ஆரம்பத்திலிருந்தே அக்கா என்றுதான் கூப்பிடுவான். முதல் பந்தயத்தில் மூன்றாவதாக வந்தான், அடுத்ததில் முதலாவதாக. கோப்பையைப் பட்டறைக்குக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்துப் படம் எடுத்தான்.

சீசனின் கடைசிப் பந்தயத்துக்கு முன்னால் வண்டி பட்டறைக்கு வந்தது. பூபதி தோட்டத்து வேலையாகப் பக்கத்துச் சித்தூருக்குப் போயிருந்தான். சிவசங்கரி அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தபோது, முதல் வளைவின்மேல் சாம்பல் கலந்த வெள்ளையாக ஒரு பூச்சு படிந்திருந்தது. நகத்தால் சுரண்டினாள். மாவுபோல் வராமல் செதிலாக உதிர்ந்தது.

அது என்ன என்று அவளுக்குத் தெரியும். அந்தத் துண்டை வெட்டி எறிந்துவிட்டு எஸ்.எஸ். போட வேண்டும். அதற்கு விளிம்பு வைக்க வேண்டும், ஒரே குழாய் இரண்டாகும். பந்தயத்துக்கு நாளும் அதிகமில்லை. முக்கியமாக, 'தாங்கும்' என்று தான் சொன்னது தவறு என்று பூபதியிடம் சொல்ல வேண்டும். இன்னும் ஒரே ஒரு பந்தயம்தானே, முடிந்ததும் மாற்றிவிடலாம் என்று நினைத்துக்கொண்டாள். பூச்சைத் துணியால் துடைத்துவிட்டு வெளியே வந்தாள். யாரிடமும் சொல்லவில்லை.

பந்தயத்தன்று அவளும் போயிருந்தாள். பாதி ஓட்டத்துக்கு மேல், நேர்ப்பாதையில் வரும்போது வண்டியின் சத்தம் மாறியது. கரகரவென்று ஒரு பிசிறு. அவள் எழுந்து நிற்பதற்குள் முன்பக்கத்து அடியிலிருந்து ஆரஞ்சு நிறத்தில் தீ வெளியே வந்தது. வளைவு வெடித்து, பீய்ச்சிய நெருப்பு மூச்சு பிரேக் குழாயைத் தின்று, தகட்டைத் துளைத்து உள்ளே போயிருந்தது. நவீன்குமார் வண்டியைப் புல்தரைக்கு இறக்கி நிறுத்தினான். பெல்ட் கழல நேரமானது. ஆட்கள் ஓடிப்போய் நுரையடித்து அவனை வெளியே இழுத்தபோது, வலதுகால் பாதத்திலிருந்து முழங்கால்வரை ஷூவும் துணியும் சதையுமாக ஒட்டிக்கொண்டிருந்தன.

உயிருக்கு ஆபத்தில்லை என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். கால் பழையபடி ஆகாது என்பதையும் சொன்னார்கள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் குடும்பமே உட்கார்ந்திருந்தது. சிவசங்கரி சற்றுத் தள்ளி, தண்ணீர்க் குழாய்ப் பக்கம் நின்றாள். போகவும் முடியவில்லை, அருகில் வரவும் முடியவில்லை. ஆறுமுகசாமி மூத்த மகனைப் பார்த்துக் கேட்டார்.

"ஆரு சொல்லிடா அந்தக் குழாயப் போட்டே?"

"சிவசங்கரி சொன்னாங்கப்பா."

முத்தாத்தாள் தலையை நிமிர்த்தினாள். "அவ சொன்னா? அவ சொன்னா நீ கேட்டுப்போடுவியா? கூடப் பொறந்தவன் உசுர வெச்சு ஆடறதுக்கு, அவ என்னடா உனக்கு?"

 பக்கத்தில் உட்கார்ந்திருந்த சொந்தக்காரர் ஒருவர் தாழ்ந்த குரலில், ஆனால் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: "ஆறு வருசமா ஒரே கொட்டாய்க்குள்ளங்க. அவ ஊட்டுக்காரன் எங்கியோ மலைல. நம்மாளும் மனுசந்தானுங்களே."

பூபதி இப்போது பேசுவான் என்று சிவசங்கரி எதிர்பார்த்தாள். அது உலோகத்தைப் பற்றிய முடிவு, நானும் சேர்ந்துதான் எடுத்தேன் என்று ஒரு வார்த்தை. அவன் கைக்கடிகாரத்தின் வாரைக் கழற்றினான், மாட்டினான், மறுபடியும் கழற்றினான். அப்பாவின் முகத்தில் இருந்த ஆத்திரம் மெல்ல இறங்கி அருவருப்பாக மாறுவதை அவன் பார்த்தான். ஆத்திரம் அவன்மேல் இருந்தது. அருவருப்பு அவள்மேல் போகும். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

அவள் படியிறங்கிப் பஸ் ஏறினாள்.

நான்கைந்து நாள் கழித்துப் பூபதியின் மனைவி மௌனிகா மாடி அறைக்கு வந்தாள். கையில் ஒரு அரிசிப் பை. உள்ளே சிவசங்கரியின் வெல்டிங் முகமூடி, தோல் கையுறை, பட்டறையில் விட்டிருந்த சால்வை, டிபன் பாக்ஸ். டிபன் பாக்ஸைக் கழுவித்தான் கொண்டுவந்திருந்தாள். மௌனிகா பொள்ளாச்சிப் பக்கத்துப் பெண். அடிக்கடி பட்டறைக்கு வந்து இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து காபி குடித்துவிட்டுப் போகிறவள்.

"உக்காருங்க" என்றாள் சிவசங்கரி.

மௌனிகா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். "அப்பிடி ஒண்ணும் இல்லீன்னு எனக்குத் தெரியுமுங்க. நான் பாத்துட்டுத்தான இருந்தேன்."

சிவசங்கரி அவள் எதிரில் வந்து நின்றாள். "நீங்க சொன்னாப் போதுமே. நீங்க வீட்டுல சொன்னா நம்புவாங்க."

"சொல்ல மாட்டேனுங்க."

"ஏன்?"

மௌனிகா சேலைத் தலைப்பின் நுனியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "பொம்பளகிட்ட மயங்கிப்போட்டான்னா ஆம்பளையப் பெத்தவங்க மன்னிச்சுருவாங்க. ரெண்டு மாசம் மொகத்தத் திருப்பிக்குவாங்க, அப்பறம் சோத்தப் போட்டுருவாங்க. புத்தியோட இருந்து தம்பியத் தீயில தள்ளுனான்னா மன்னிக்க மாட்டாங்க. மாமா அவரப் பட்டறையோட சேத்து வெளிய அனுப்பிருவாரு. எனக்கு ரெண்டு கொழந்தைங்க இருக்குதுங்க."

"உங்க புருஷனப் பத்தி ஊரு இப்படிப் பேசுறது உங்களுக்குப் பரவாயில்லையா?"

"பேசட்டுமுங்க. ஊருக்கு எம்மேல பாவமாத்தான் இருக்கும்."

"தப்பு என்னோடதுதான். அந்த மெட்டலப் போடச் சொன்னதே நான். அத நானே வந்து சொல்றேன். உங்க வீட்டுக்காரருக்கு ஒண்ணும் வராது."

"மெட்டல்னா அங்க ஆருக்குங்க புரியும்?" மௌனிகா எழுந்துகொண்டாள். வாசலில் செருப்பை மாட்டும்போது திரும்பி, "நீங்க எங்கியோ இருக்கற ஊருக்குப் போயிருவீங்க. நாங்க இங்கியே இருக்கோணும்" என்றாள். குரலில் கோபமே இல்லை. அதுதான் சிவசங்கரிக்கு ரொம்ப நாள் வரைக்கும் பொறுக்கவில்லை.

இருந்தாலும் அவள் போனாள். வண்டியிலிருந்து கழற்றிப் பட்டறை வாசலில் போட்டிருந்த வெடித்த வளைவை ஒரு துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு, காலையில் தோட்டத்துக்கு நடந்தாள். ஆறுமுகசாமி வாய்க்கால் ஓரத்தில் நின்று தென்னைக்குத் தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்தார். வேலைக்காரன் நஞ்சப்பன் மண்வெட்டியோடு பக்கத்தில் நின்றான். அவள் வேலிப்படலுக்கு வெளியிலேயே நின்றாள்.

"ஐயா, ஒரு நிமிஷம் பேசணும்."

"என்ன அம்மிணி?"

துண்டைப் பிரித்து வளைவை உயர்த்திக் காட்டினாள். "இதப் பாருங்க. இந்த வெடிப்பு இருக்கே, இது..."

"இந்தக் கொழாயெல்லாம் எனக்குத் தெரியாது. அத மொதல்ல கீழ போடு."

அவள் அதை வேலிக்கல்லின்மேல் வைத்தாள். "பூபதி சார்மேல தப்பில்லைங்க. எல்லாத் தப்பும் என்னோடது. நான்தான் சொன்னேன், அவரு கேட்டாரு. முன்னாடியே எனக்குத் தெரிஞ்சிருந்தும் மறச்சேன்."

கிழவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். அவள் சொன்னதை அவர் கேட்டுக்கொண்டார். ஆனால் அவள் எதைப் பற்றிச் சொன்னாளோ அதை அவர் கேட்கவில்லை.

"தப்புன்னு நீயே உன்ற வாயால ஒத்துக்கறயல்லோ? அது போதும், போ." நஞ்சப்பன் பக்கம் திரும்பினார். "கேட்டுக்கிட்டயாடா? அவளே சொல்லிப்போட்டா."

"ஐயா, நான் சொல்றது அந்தத் தப்பில்லைங்க. மெட்டலுங்க... உலோகத்த..."

"போ அம்மிணி. தண்ணி பாயுது."

சாயங்காலத்துக்குள் அது கொழிஞ்சாம்பாறை முழுக்கப் போய்விட்டது. பண்ணாடி ஆறுமுகசாமியிடமே வந்து அந்தப் பெண் ஒத்துக்கொண்டாளாம். காய்கறிக்கடையில் அவளுக்கு நிறுத்துக் கொடுத்தவன் மீதிச் சில்லறையைக் கையில் தராமல் தட்டில் வைத்தான். மறுநாள் அவள் அறையைக் காலி செய்தாள்.

மூணாறில் லோகேஷ் ஜீப் ஸ்டாண்டில் காத்திருந்தான். செய்தி அவளுக்கு முன்பே மலையேறியிருந்தது. பாலக்காட்டு வண்டிகள் தினமும் வருகின்றன, டிரைவர்கள் பேசாமல் இருப்பார்களா. அவன் பெட்டியை வாங்கிக்கொண்டான்.  வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திய பிறகு சொன்னான்.

"நான் நம்பல சங்கரி. ஒருத்தன் பேசுறத வச்சு நான் உன்னயச் சந்தேகப்படுவேனா?"

அவள் அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நான் வேற ஒண்ணு பண்ணிட்டேன். அந்தக் குழாய் போயிட்டுன்னு முந்தியே பாத்தேன். பாத்துட்டும்..." என்று தொடங்கினாள்.

"அத விடு. வேலைன்னா முன்னப்பின்ன இருக்கத்தான் செய்யும். அந்த வீட்டாளுக இப்படிப் பேசுதாங்களே, அதத்தான் என்னால தாங்க முடியல."

அவள் மேலே சொல்லவில்லை. சுமத்தாத பழியிலிருந்து விடுவிக்கச் சொல்லி யாரிடம் கேட்பது? ஊர் அவளைத் தண்டித்தது செய்யாததற்கு. புருஷன் அவளை மன்னித்ததும் செய்யாததற்குத்தான். செய்தது ஒன்று இருந்தது. அதைத் தொட்டுப் பார்க்கக்கூட ஓர் ஆள் இல்லை.

கோவையில் இரண்டு கம்பெனிகளுக்கு எழுதிப்போட்டாள். ஒன்றில் கூப்பிட்டார்கள். சோதனைக்குக் கொடுத்த வேலையை நன்றாகவே செய்தாள். சேரச் சொல்லிவிட்டு, ஒரு வாரத்தில் போனில் "ஃபேமிலி சைடுல ஏதோ பிரச்சினைன்னு கேள்விப்பட்டோம் மேடம்" என்று இழுத்தார்கள். அவர்கள் பூபதியிடம் விசாரித்தார்களா, பூபதி என்ன சொன்னான், சொல்லாமல் இருந்தானா, அவளுக்குத் தெரியாது. அவளும் கேட்கவில்லை.

அடுத்த மழை தொடங்கிய சமயம் நவீன்குமார் போன் செய்தான்.

"அக்கா, நான் நவீன்."

 "கால் எப்படி இருக்கு?" என்றாள்.

"நடக்கறேனுங்க. ஒரு பக்கமாச் சாஞ்சு நடக்கறேன்." பிறகு அவனே தொடர்ந்தான்: "ஊட்டுல எல்லாரும் வேற ஒண்ணு சொல்றாங்க. நான் அத நம்புலீங்க. வேலிக்கிட்டக் கெடந்த கொழாயத் தேடிப் புடிச்சுக் கோயமுத்தூர்ல ஒருத்தர்கிட்டக் காட்டுனேன். இது ஒரு நாள்ல வந்ததில்ல, முன்னாலயே வெள்ளையாப் பூத்திருக்கும்னாரு. நீங்க வண்டியப் பாத்தீங்களே அன்னிக்கு, அப்ப இருந்துச்சுங்களா?"

"இருந்துச்சு."

"அது என்னன்னு தெரியுமுங்களா உங்களுக்கு?"

"தெரியும். மாத்தணும்னும் தெரியும். கடைசிப் பந்தயம் முடியட்டும்னு விட்டுட்டேன்."

"அண்ணனுக்குத் தெரியுமுங்களா?"

"தெரியாது. சொல்லல."

 போனில் எங்கோ பின்னால் ஒரு மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

"அவங்க சொல்றதே நெசமா இருந்திருக்கலாமுங்க அக்கா. இது அதவிடக் கேவலம்" என்றான். வைத்துவிட்டான். பிறகு அவள் அடித்தபோதெல்லாம் அவன் எடுக்கவே இல்லை.

என்றைக்காவது ஒருவர் சரியான கேள்வியைக் கேட்டால் மனம் லேசாகிவிடும் என்று அவள் அத்தனை மாதமாக நினைத்திருந்தாள். அப்படி ஒன்றும் ஆகவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் வரைக்கும் அடுப்பு மேடையைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

மழை விட்ட பிறகு, மூணாறு மார்க்கெட்டுக்குக் கீழே ஜீப் பட்டறை வைத்திருக்கும் ஜோஜோ கூப்பிட்டான். எஸ்டேட் ரோட்டில் ஓடும் ஜீப்புகளுக்குச் சைலன்சர் அடிக்கடி உடையும். கல்லில் இடித்து, சேற்றில் ஊறி. பற்றவைக்க நல்ல கை தேவை. லோகேஷுக்குப் பிடிக்கவில்லை.

"பட்டற சோலி வேண்டாம். ஒருக்காப் பட்டது போதாதா?"

"நீதான் நம்பலன்னியே."

"நான் நம்பல. ஆனா ஆளுக பேசுறத நான்தான கேக்க வேண்டியிருக்கு? மறுபடியும் ஒரு ஆம்பளையோட பட்டறைல நீ நின்னா எங்கிட்டத்தான வந்து கேப்பாங்க?"

இருந்தாலும் அவள் மறுநாள் வேலைக்குப் போனாள். முதல் ஜீப் ஒன்றும் கஷ்டமானதில்லை. துருப்பிடித்த ஒரு துண்டை வெட்டி, சாதாரண இரும்புக் குழாய் வைத்து ஒட்ட வேண்டும். எந்தக் கனத்தில் குழாய் எடுப்பது என்று ஜோஜோ கேட்டான். அலமாரியில் மெல்லியது ஒன்று, நடுத்தரம் ஒன்று, தடித்தது ஒன்று. ஒரு காலத்தில் கேட்ட மாத்திரத்தில் கை நீண்டிருக்கும். அவள் நடுத்தரத்தை எடுத்தாள், வைத்தாள். தடித்ததை எடுத்தாள். டிரைவரின் கால் எங்கே வரும் என்று குனிந்து பார்த்தாள். அதற்கு ஒரு தகடு மறைப்பு வேண்டும் என்றாள். பிறகு அந்தத் தகடும் போதாது என்றாள். ஜீப்புக்காரன் வெளியே நின்று பொறுமையிழந்து ஹாரன் அடித்தான்.

"சேச்சி, இது ஜீப்பு. ராக்கெட்டு அல்ல" என்று ஜோஜோ சிரித்தான்.

அவளும் சிரித்தாள். இரண்டாவது வண்டிக்கும் மூன்றாவதற்கும் அதே கதி. பற்றவைத்து முடித்த தையலை விட்டு நகர முடியாமல் திரும்பத் திரும்ப டார்ச் அடித்துப் பார்த்தாள். வண்டி ஓடிப்போன பிறகும் பார்த்தது போதுமா என்று மனம் அடித்துக்கொண்டது. ஒருநாள் டார்ச்சை மேசையில் வைத்துவிட்டு, நாளையிலிருந்து வரவில்லை என்று ஜோஜோவிடம் சொன்னாள். அவன் காரணம் கேட்டான். வீட்டில் வேண்டாம் என்கிறார்கள் என்று சொன்னாள்.

இப்போது அவள் டூரிஸ்டுகளுக்குத் தேயிலை விற்கும் ஒரு கடையில் நிற்கிறாள். பாக்கெட்டுகளை அடுக்கி, மலையாளத்திலும் ஹிந்தியிலும் விலை சொல்லிப் பையில் போட்டுக் கொடுக்கும் வேலை. உடன் வேலை செய்யும் சித்ராவுக்கு, இவள் முன்பு கோவைப் பக்கம் ஏதோ கம்பெனியில் இருந்தாள் என்பது மட்டும் தெரியும்.

போன மாதம் லோகேஷின் ஜீப் ஸ்டாண்டு நண்பர்கள் இரண்டு பேர் வீட்டுக்கு வந்திருந்தார்கள். அவள் உள்ளே மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். முன்னறையில் பேச்சு எங்கெங்கோ போய், பெண்டாட்டிகள் பேச்சைக் கேட்பதில்லை என்று ஒருவன் குறைபட்டான்.

"எங்க வீட்டுல அப்படி இல்ல" என்று லோகேஷின் குரல் கேட்டது. "பட்டற வேண்டாம்னு ஒரே ஒரு தடவதான் சொன்னேன். மறுபேச்சில்ல, நின்னுட்டா."

பெருமையாகத்தான் சொன்னான். அதில் அன்பும் இருந்தது. அவள் மீனைத் திருப்பிப் போட்டாள். போய், அதனால் இல்லை என்று சொல்லலாம். பிறகு எதனால் என்று கேட்பார்கள். அவள் தட்டை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போய் எல்லாருக்கும் பரிமாறினாள்.